நூறு பாகம் தாங்கும் கடிகாரம்

1

நான் கைக்கடிகாரம் வாங்கி இன்றோடு ஒரு வருஷம் ஆகிறது. இந்த நாளைச் சந்தோஷமாகக் கழிக்கலாம் என்றிருந்தேன். ஆனால் கொழும்பில் தங்குவதற்கான அனுமதியை வருஷாவருஷம் புதுப்பிக்க வேண்டும். அதற்கான கெடுவும் இதே வாரத்தில்தான் வந்து தொலைக்கிறது. ஆகவே காலை முழுவதும் ஒரு மரப்பெஞ்சில் உட்கார்ந்து எரிச்சல்பட்டதுதான் மிச்சம்.

விண்ணப்பப் படிவம் இப்போதெல்லாம் சிங்களத்தில் வருகிறது. எனக்குச் சிங்களம் பேச வரும், திட்டவும் வரும், வாசிக்க மட்டும் வராது. எத்தனையாவது வரியில் எதை எழுத வேண்டும் என்று மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். போன வருஷம் யாரோ ஒரு புண்ணியவான் வரிகளின் வரிசையை மாற்றிவிட்டார். மனைவி பெயர் எழுத வேண்டிய இடத்தில் என் வாப்பாவின் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டேன். குமாஸ்தா எழுந்து நின்று அதை உரக்க வாசித்தார். கூடம் முழுவதும் சிரித்தது. இருபது வருஷத்துக்கு மேல் இவர்களுடைய துறைமுகத்தில் உழைத்ததற்கு எனக்குக் கிடைத்த மரியாதை அது.

இந்த வருஷம் அவரே வாயால் கேட்டு எழுதிக்கொண்டார். "என்ன தொழில்?" என்றார். "டைவர்" என்றேன். தலை நிமிராமல் எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார். அவ்வளவுதான். இந்த ஒரு வார்த்தையைச் சொந்த மண்ணில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால் வந்த வினையைத்தான் எழுதப் போகிறேன். பலர் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. என் மேலும் இருக்கிறது.

2

நம்மூர் கீழக்கரையில் இதுவரை யாருக்கும் நான் விளக்கிச் சொல்லாத வேலை இது, கடலுக்குள் முங்கிச் செய்வது. கப்பல் வந்து நின்றதும் அதன் அடியில் ஒட்டிய சிப்பியையும் பாசியையும் சுரண்ட வேண்டும். கப்பலைத் தள்ளும் விசிறியில் வடம் சுற்றிக்கொண்டால் அறுத்தெடுக்க வேண்டும். நங்கூரச் சங்கிலி சிக்கினால் கடலடிக்குப் போய் விடுவிக்க வேண்டும். மேலே ஒரு படகு நிற்கும். அதில் உள்ள எந்திரம் காற்றடிக்கும். அது ரப்பர் குழாய் வழியாகக் கீழே வரும். அதுதான் எங்கள் மூச்சு. இடுப்பில் ஒரு கயிறு கட்டியிருக்கும்.

எந்த ஆழத்தில் எவ்வளவு நேரம் இருக்கலாம் என்று அளவு உண்டு. அளவுக்கு மேல் இருந்துவிட்டு மேலே ஏறினால் மூட்டுகள் பிடித்துக்கொள்ளும், கைகால் விழுந்துவிடும். நேரம் பார்த்துக் கயிற்றை இழுத்து எங்களை அழைப்பது படகில் இருக்கும் மேற்பார்வையாளரின் பொறுப்பு. கடிகாரம் அவர் கையில்தான் இருக்கும். கீழே இருட்டில் கிடக்கிறவனுக்கு ஐந்து நிமிஷம் ஆயிற்றா ஐம்பது நிமிஷம் ஆயிற்றா என்று தெரியாது.

சிங்களம் மட்டும் என்று சட்டம் வந்த வருஷத்தில், என்னோடு ஜோடி சேர்ந்து முங்கும் பாம்பன் அந்தோணி ஒரு நாள் தனியாக இறங்கினார். மேற்பார்வையாளர் பக்கத்துப் படகுக்குத் தேநீர் குடிக்கப் போனார். பேச்சு சுவாரசியமாக இருந்திருக்க வேண்டும். அவர் திரும்பி வந்து கயிற்றை இழுத்தபோது நேரம் எப்போதோ தாண்டிவிட்டது. மேலே வந்த அரைமணி நேரத்தில் அந்தோணியின் இடது கால் சுரணை அற்றுப்போயிற்று. கம்பெனிக்கு எழுதிய அறிக்கையில், அவர் கயிற்றுச் சைகையை அலட்சியம் செய்தார் என்று எழுதினார்கள். இதை நினைத்தால் இன்றும் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. அந்தோணி காலை இழுத்துக்கொண்டு பாம்பனுக்குத் திரும்பினார். இப்போது வலை பின்னிப் பிழைக்கிறார்.

இனி என் நேரத்தை நானே பார்த்துக்கொள்வேன் என்று அன்று முடிவு செய்தேன். தண்ணீருக்குள் ஓடும் கடிகாரம் ஒன்று வந்திருக்கிறது என்று கப்பல்காரர்கள் சொல்லக் கேட்டிருந்தேன். அதை வாங்கும் அளவுக்குச் சேமிக்க ஐந்து வருஷம் பிடித்தது.

3

கொழும்புக் கோட்டைப் பகுதியில் கண்ணாடிக் கதவு போட்ட கடை. வேலை முடிந்து குளித்து, வெள்ளைச் சட்டையும் கைலியுமாகப் போனேன். விற்பனையாளர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "யாருக்கு? உன் துரை அனுப்பினாரா?" என்று சிங்களத்தில் கேட்டார். எனக்குத்தான் என்றேன். நம்பாமல் ஒரு தங்கக் கடிகாரத்தை எடுத்துக் காட்டினார். ஆண்கள் தங்கம் அணிவது எங்கள் மார்க்கத்தில் ஆகாது, இரும்பில் காட்டுங்கள் என்றேன். அவர் அதைக் கையில் காசில்லாதவனின் சாக்கு என்று எடுத்துக்கொண்டு தட்டையே உள்ளே தள்ளிவிட்டார். ரூபாய் நோட்டுகளை மேசையில் வைத்த பிறகுதான் எனக்கு நாற்காலி வந்தது.

கடிகாரம் வந்தது. சுவிஸ் நாட்டில் செய்தது. கருப்பு முகம், இருட்டில் ஒளிரும் எண்கள், நூறு பாகம், அதாவது அறுநூறு அடி ஆழம் தாங்கும் என்று முதுகில் பொறித்த உருக்கு உடம்பு. முகத்தைச் சுற்றி ஒரு வளையம் இருந்தது, அதைத் திருப்பலாம். இறங்கும்போது வளையத்தின் குறியைப் பெரிய முள்ளுக்கு நேராக வைத்துவிட்டால், இறங்கி எத்தனை நிமிஷம் ஆயிற்று என்று பார்த்தவுடன் தெரியும். அந்தோணியின் காலைக் காப்பாற்ற இந்த ஒரு வளையம் போதுமாயிருந்திருக்கும். விற்பனையாளர் இப்போது வெகு பணிவாக, "ஒழுங்காக எண்ணெய் போட்டு வைத்தால் உங்கள் பேரப்பிள்ளைகள் காலம்வரை ஓடும், முதலாளி" என்றார்.

அந்தப் பேச்சு மனதில் தைத்துக்கொண்டது. எனக்கு ஒரே மகள், ஹதீஜா. கீழக்கரையில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். கல்யாணமானதும் மாப்பிள்ளை மனைவி வீட்டுக்கு வந்துவிடுவார். என் மனைவி ஜெய்னம்புவின் வாப்பா கட்டிய வீட்டில்தான் ஊருக்குப் போனால் நான் தங்குகிறேன். ஹதீஜாவுக்கு மூன்று வயதாகும்போதே பக்கத்து மனையை வாங்கி அவள் பெயரில் எழுதி வைத்தேன். ஒரு பொருள் மகளுக்கு என்று முடிவாகிவிட்டால் அன்றைக்கே அதை அவள் பெயரில் ஆக்கிவிடுவது எங்கள் வழக்கம். பிறகு பார்க்கலாம் என்று விட்டுவைக்க மாட்டோம்.

அந்தப் பழக்க தோஷத்தில்தான் அந்தக் காரியத்தைச் செய்தேன். நேரே புறக்கோட்டைக் கடைத்தெருவுக்குப் போய், பெயர் வெட்டுகிறவரிடம் கொடுத்து, கடிகாரத்தின் முதுகில் 'ஹதீஜா' என்று தமிழில் வெட்டச் சொன்னேன். நான் வேலை செய்யும்வரை என் கையில் இருக்கும். அப்புறம் அவளுக்கு, அவளுக்குப் பிறகு அவள் பிள்ளைகளுக்கு. சரியாகத்தான் செய்தோம் என்று நெஞ்சு நிமிர்ந்து நடந்தேன்.

4

இரண்டு மாதம் கழித்து ஹதீஜாவின் கல்யாணத்துக்காக ஊருக்குப் புறப்பட்டேன். தலைமன்னாரில் கப்பலேறித் தனுஷ்கோடியில் இறங்கினேன். பெட்டி சோதிக்கும் மேசைக்கு முன்னால் வெயிலில் வரிசை. எனக்குப் பின்னால் நம்மூர் ஜவுளி வியாபாரி ஒருவர் நின்றார். கொழும்பிலிருந்து வருகிறவர்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஊரில் எனக்கு இலங்கையின் மலைநாட்டில் கடை இருப்பதாகப் பேச்சு. நம்மவர் யாரும் எட்டிப் பார்க்காத இடமாகப் பார்த்து என் மனைவியும் அவள் அண்ணன் ஹமீதும் கட்டிவிட்ட கதை அது. கப்பலடியைச் சுரண்டுகிறவன் மகளுக்கு வியாபாரி வீட்டு மாப்பிள்ளை எப்படி வருவார் என்பது அவர்கள் கவலை. நானும் மறுத்துப் பேசவில்லை. விருந்தாளி மாதிரி இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை போய், இல்லாத கடையின் வியாபாரம் எப்படி என்று கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்லிவிட்டு வருவேன்.

சுங்க அதிகாரி என் மணிக்கட்டைப் பார்த்தார். "கழட்டு."

கழற்றிக் கொடுத்தேன். திருப்பிப் பார்த்தார்.

"உன் பேரு முகம்மது காசிம். இதுல ஹதீஜான்னு இருக்கு?"

"என் மகள்ங்க."

"ஆம்பளைக் கடிகாரம், பொம்பளை பேரு. புதுச் சரக்கு. என்ன தொழில் பண்றே?"

டைவர் என்று சொல்லியிருந்தால் அந்த இடத்திலேயே முடிந்திருக்கும். வியாபாரி என் தோளுக்குப் பின்னால் மூச்சு விட்டுக்கொண்டு நின்றார். நான், "கடை வச்சிருக்கேன்" என்றேன்.

"கடைக்காரனுக்கு நூறு பாகம் முங்குற கடிகாரம் எதுக்குய்யா? கல்லாப்பெட்டிக்குள்ள முங்கவா?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். வியாபாரியும் சிரித்தார். கடத்தல் சரக்கு என்று சந்தேகம், விசாரணை முடியும்வரை பிடித்து வைக்கிறோம் என்று அதிகாரி ஒரு சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். பெயருக்குரிய பெண்ணையும் கூட்டிக்கொண்டு பதினைந்து நாளுக்குள் ராமநாதபுரத்துப் பெரிய அதிகாரியிடம் வர வேண்டுமாம். என் உழைப்பை, என் உயிருக்கு வைத்த காவலை, ஒரு காக்கி உறைக்குள் போட்டு அரக்கு வைத்தார்கள். அவர் கேட்ட கேள்வி நியாயமானது என்பதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். கடைக்காரனுக்கு அது எதற்கு?

5

வீட்டில் சொன்னபோது ஹமீது மச்சான் தலையில் கைவைத்தார்.

"போனாப் போகுது மச்சான், விட்டுருங்க. கல்யாணம் முடியட்டும். இப்பப் போயி அங்கன ஏதாச்சும் உளறி வச்சீகன்னா சம்பந்தி காதுக்குப் போயிரும்."

"அது இல்லாம நான் எப்படி மச்சான் கீழே இறங்குறது? இருபது வருஷம் அடுத்தவன் நேரத்துல இறங்கியாச்சு."

ஜெய்னம்பு குரலைத் தாழ்த்தினாள். "மெல்லப் பேசுங்க. புள்ள இருக்கா. கடையின்னே சொல்லுங்க. மகளுக்குச் சீருன்னு சொல்லுங்க. குடுத்தாக் குடுக்கட்டும்."

ஹதீஜா தேநீர் கொண்டு வந்து வைத்தாள். பத்தொன்பது வயது. நான் பார்த்த நாட்களைக் கூட்டினால் இரண்டு வருஷம் தேறாது. என்னிடம் பேசும்போது வந்தவர்களிடம் பேசுவது போல் பார்த்துப் பார்த்துப் பேசுவாள். அன்று அவளாகவே கேட்டாள்.

"அந்தக் கடியாரம் எதுக்கு வாப்பா தண்ணிக்குள்ள ஓடணும்?"

"மலைநாட்டுல மழை சாஸ்தி" என்றேன்.

"சரி வாப்பா" என்று உள்ளே போய்விட்டாள்.

ஹமீது மச்சான் அதோடு நிற்கவில்லை. பெரிய அதிகாரியைச் சம்பந்திக்குத் தெரியும், அவரே வந்து ஒரு வார்த்தை சொன்னால் கடிகாரம் வந்துவிடும் என்று யோசனை சொல்லி, என்னைக் கேட்காமலே அவருக்குச் சொல்லியும் அனுப்பிவிட்டார். தூத்துக்குடியில் மொத்த வியாபாரம் செய்கிறவர் சம்பந்தி. ஆக, எந்த உண்மையைச் சொன்னால் கடிகாரம் வருமோ, அந்த உண்மையை எவர் காதில் விழக் கூடாதோ அவரையே அழைத்து நடுவில் உட்கார வைத்தார்கள் என் வீட்டார்.

6

ராமநாதபுரத்துக்கு வாடகைக் காரில் போனோம். நான், ஹமீது மச்சான், வெள்ளைத் துப்பட்டி போர்த்திய ஹதீஜாவும் ஜெய்னம்புவும். நாங்கள் போகும்போதே சம்பந்தி அதிகாரிக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்து, "நல்ல குடும்பம் சார். மகளுக்கு ஆசையா வாங்கிட்டு வந்திருக்காக" என்றார். அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்.

பெரிய அதிகாரி வயதானவர். தனுஷ்கோடிக்காரரைப் போல ஒருமையில் பேசவில்லை. உறையைப் பிரித்துக் கடிகாரத்தை மேசையில் வைத்தார்.

"பாருங்க, பரிசுப் பொருள்னா இதை விட முடியாது. சொந்த உபயோகத்துக்கு, தொழிலுக்கு வேண்டிய கருவின்னா, திரும்ப எடுத்துக்கிட்டுப் போறேன்னு எழுதிக் குடுத்துட்டு வச்சுக்கலாம். உங்க தொழில் என்ன?"

அவர் எனக்கு வழி காட்டிக் கதவைத் திறந்து வைத்துவிட்டார். நான் நுழைந்திருக்க வேண்டும். சம்பந்தியின் முகத்தைப் பார்த்தேன். மச்சான் என் முழங்கையைக் கிள்ளினார். எங்கள் ஊரில் எத்தனை வியாபாரிகள் எந்தக் கூச்சமும் இல்லாமல் சங்கை விற்றார்கள், முத்தை விற்றார்கள்! அதை அடியிலிருந்து எடுத்து வந்தவனோடு மட்டும் சம்பந்தம் கூடாதாம். இதெல்லாம் என் நெஞ்சுக்குள் கொதித்தது. வாயிலிருந்து வந்தது வேறு.

"மலைநாட்டுல கடைங்க" என்றேன்.

அதிகாரி பேனாவை எடுத்தார்.

"இல்ல சார்" என்றது ஒரு குரல். ஹதீஜா துப்பட்டியைக் கொஞ்சம் விலக்கிக்கொண்டு எழுந்து நின்றாள். "எங்க வாப்பா கொழும்புத் துறைமுகத்துல கப்பலுக்கு அடியில முங்குறவுக. அவுகளுக்குக் கடையெல்லாம் இல்ல."

"ஏய், உக்காரு" என்று ஜெய்னம்பு பதறினாள்.

"உனக்கு எப்படிம்மா தெரியும்?" என்றார் அதிகாரி.

"பாம்பன்ல இருந்து அந்தோணி மாமா ஒரு தடவ வீட்டுக்கு வந்தாக. வாப்பாவோட வேலை பாத்தவுக. கால இழுத்து இழுத்து நடந்தாக. ஏன்னு கேட்டேன், சொல்லிட்டாக. அஞ்சு வருசமாச்சு. வீட்டுக் கடியாரம் பத்து அடிச்சா, இப்ப வாப்பா தண்ணிக்குள்ள இருப்பாகன்னு நெனப்பேன். பன்னெண்டு அடிச்சா, ஏறியிருப்பாகன்னு நெனப்பேன். உம்மாகிட்டக் கூடச் சொன்னதில்ல."

எனக்குச் செத்துப்போய்விடலாம் போலிருந்தது. ஐந்து வருஷமாக ஒரு குழந்தை எனக்காகப் பயந்துகொண்டிருந்திருக்கிறாள்; நான் அவளிடம் மழையைப் பற்றிப் பேசியிருக்கிறேன்.

அதிகாரி என் பக்கம் திரும்பினார். "பொண்ணு சொல்றது நிஜமா?"

"நிஜம்ங்க" என்றேன். அதையாவது சொன்னேன்.

அவர் பழைய தாளைக் கிழித்துவிட்டுப் புதுத் தாளில் எழுதினார். எழுதி முடித்ததும் ஹதீஜாவைப் பார்த்து, கண்டிப்பாக இல்லாமல், ஒரு விவரம் சொல்வது போலச் சொன்னார். "தொழில் கருவின்னு எழுதினா அவர் போகும்போது கொண்டுபோயிடணும்மா. இங்கே யாருக்கும் குடுக்கக் கூடாது. உன் பேர் இருந்தாலும் உனக்குக் கிடைக்காது. தெரியுமில்லே?"

"தெரியும் சார். அதுக்குத்தான் சொன்னேன்."

நான் கையெழுத்துப் போட்டேன். கடிகாரத்தை எடுத்து என் கையில் கட்டிவிட்டவள் அவள்தான். வாரை எந்தத் துளையில் மாட்டுவது என்று தெரியாமல் இரண்டு தடவை தவறாக மாட்டினாள். சம்பந்தி தனக்கு வந்த தேநீரைத் தொடாமல் எழுந்து போய்விட்டார்.

7

மூன்றாம் நாள் சம்பந்தியிடமிருந்து தகவல் வந்தது. சம்பந்தம் முறியவில்லை, ஆனால் நிக்காஹ் பதிவில் பெண்ணின் தகப்பன் தொழில் வியாபாரம் என்றே எழுத வேண்டும், கொழும்புப் பேச்சை அதற்குப் பிறகு யாரும் எடுக்கக் கூடாது. பெருந்தன்மையாகச் சொல்லியனுப்பியதாகவே அவர் நினைத்திருப்பார். மச்சானுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நான் முதன்முறையாக, ஹதீஜாவைக் கேட்காமல் பதில் சொல்ல முடியாது என்றேன். வீடே என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பது போலப் பார்த்தது.

அவள் யோசிக்கவே இல்லை. "எங்க வாப்பா என்ன வேலை பாக்குறாகளோ அத எழுதுறவுக வரட்டும்" என்றாள். நான் கல்யாணம் நடத்தாமலே கப்பலேறினேன். பெரிய குற்றவாளியைப் பார்ப்பது போல என்னை வழியனுப்பினார்கள்.

பத்து மாதமாகிறது. கடிகாரத்தோடுதான் தினமும் இறங்குகிறேன். என் நேரம் முடிந்ததும் நானே கயிற்றை இழுத்து ஏறி வந்துவிடுகிறேன். கம்பெனியில் அதற்கும் முணுமுணுக்கிறார்கள், முணுமுணுக்கட்டும். கடிகாரம் ஹதீஜாவுடையது, எனக்கு இரவல். வேலையை விட்டு ஊர் திரும்பும் நாளில், என்ன சுங்கத் தீர்வை கேட்டாலும் கட்டி, அவளிடம் சேர்ப்பேன்.

வரன் எதுவும் வரவில்லை. ஜவுளி வியாபாரி கதையைக் கண்ணும் மூக்கும் வைத்துப் பரப்பிவிட்டார் என்று கேள்வி. நடந்ததை எழுதி ஊர்ப் பத்திரிகைக்கு அனுப்பலாமா, கடைசியில் மணமகன் தேவை என்று ஒரு விளம்பரமும் சேர்க்கலாமா என்று போன மாதமே ஹதீஜாவுக்குக் கடிதம் எழுதிக் கேட்டேன். போடுங்கள், ஆனால் உங்கள் தொழிலை முதல் வரியில் போடுங்கள் என்று பதில் எழுதியிருந்தாள். அவள் சொன்னபடியே போடுகிறேன்.

மணமகன் தேவை. பெண்ணின் தகப்பன் கப்பலுக்கு அடியில் முங்கி வேலை செய்கிறவர். பெண் கீழக்கரை, வயது இருபது, தமிழ் எழுதவும் அரபு ஓதவும் தெரிந்தவள், சொந்த மனை உண்டு. நிக்காஹ் பதிவேட்டில் இந்த முதல் வரியை மாற்றாமல் எழுதச் சம்மதமுள்ளவர்கள் மட்டும் எழுதவும்.